கழிமுனைக்காரர்கள் வரவில்லை

"அம்மா, கழிமுனைக்காரங்க வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க!"

படலைத் திறக்கும்போதே திருமேனி சொல்லிவிட்டார். முகம் சிவந்திருந்தது. புது வேட்டி முழங்கால்வரை புழுதி.

துறவி வடிவம்மை குடிசை வாசலில் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கம்பை இப்படி எடுங்கண்ணா."

எடுத்துக் கொடுத்தார்.

ஏழுமுனைத் தீவில் இவர்கள் இருவரும் எல்லாருக்கும் வேடிக்கை. குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு சீடரை அண்ணா என்பாள். சீடர் குருவை அம்மா என்பார்.

துரைமார் ஆண்ட காலத்தில், தலைமறைவாகத் திரிந்த திருமேனி ஒரு மழைநாளில் இந்தக் குடிசைக்குள் ஒதுங்கினார். மழை விட்டது. அவருடைய கேள்விகள் விடவில்லை. அன்றிலிருந்து சீடர்.

இப்போது துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். தீவுக்குச் சொந்த அரசு வந்துவிட்டது. இன்று மாலை துறைமுகத் திடலில் பதவியேற்பு. திருமேனிதான் முதல்வர்.

ஏழு ஊர் மக்களும் சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வரவேற்க வேண்டும் என்று உத்தரவு போயிருந்தது. ஆறு ஊர்கள் தலையாட்டிவிட்டன. ஏழாவது ஊர் கழிமுனை.

"ஏன் வரமாட்டாங்களாம்?" என்று கேட்டாள் வடிவம்மை.

"நெத்திலி வந்திருக்காம்."

"அடேயப்பா! நிறையவா?"

"அம்மா! நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"சரி, சொல்லுங்க."

"வெளியே லாரி நிக்குது. லாரி நிறைய போலீஸ். முதல் நாளே விட்டுக்கொடுத்தா அப்புறம் அரசாங்கம்னு ஒண்ணு இருக்காதுன்னு அதிகாரிங்க சொல்றாங்க. பொழுது சாயறதுக்குள்ள கழிமுனையையே கிளப்பிக் கொண்டுவந்து நிறுத்திடறாங்களாம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதிகாரிங்க சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

திருமேனி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயிறு எரியுதும்மா. இவங்களுக்காகத்தானே ஜெயில்ல கிடந்தேன். இவங்களுக்காகத்தானே பல்லு போச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து நிக்கக் கூடாதா?"

அவள் கொடியின் நுனியை மெல்லத் தூக்கிப் பந்தல்மேல் விட்டாள்.

"யார் முடியாதுன்னது?"

"சூசையம்மா. கரைவலைக்குச் சொந்தக்காரி. காலையில நானே நேர்ல போனேன். 'இன்னைக்கு முடியாது தம்பி, மீன் காத்திருக்காது'ன்னு சொல்றா."

"சொல்லும்போது குரல் நடுங்கிச்சா?"

"நடுங்கறதா! வாய் நிறைய வெத்தலை. சிரிச்சுக்கிட்டே சொல்றா. போதாததுக்கு ஒரு ஓலைப்பெட்டி நெத்திலியை என் கையில திணிச்சு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கச் சொல்லுங்கறா."

"பெட்டி எங்கே?"

"லாரியில இருக்கு."

"மறந்துடாதீங்க. வெயில்ல கெட்டுப்போயிடும்."

திருமேனி அவளை முறைத்தார். அவள் கவனிக்கவில்லை. அடுத்த கொடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, துரை வர்றப்பவும் ஊர் இப்படித்தான் வராம இருக்குமா?"

அவர் பந்தல்காலை விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"வராம இருக்கவா? எங்க அப்பாவும் கரைவலை இழுத்தவர்தான். வருஷத்துக்கு ஒரு தரம் துரை வருவான். ஊரே சாலையில தலையைக் குனிஞ்சு நிக்கணும். எனக்கு அப்போ மீசை அரும்புற வயசு, அப்பா பக்கத்துல நிக்கிறேன். நல்ல வெயில். திடீர்னு முதுகுக்குப் பின்னால பறவைச் சத்தம். கடல்மேல அப்படி மொய்க்குது. கரை ஓரமா மீன் வந்திருக்குன்னு எல்லாருக்கும் தெரியுது. யாரும் திரும்பிப் பார்க்கல. பார்க்கப் பயம்."

"அப்புறம்?"

"துரை வந்து போகச் சாயங்காலம் ஆயிடுச்சு. கடல் வெறுமனே கிடந்தது. அப்பா மணல்ல உக்காந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்னைக்கு மட்டும்தான்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"என்னம்மா பேசுறீங்க! சொன்னா முதுகுத் தோலை உரிச்சிருப்பான்."

வடிவம்மை கையைத் துடைத்துக்கொண்டாள். குடிசைக்குள் போனாள். ஜாடி உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கைப்பிடி நிறையச் சர்க்கரை.

"வாயைத் திறங்கண்ணா."

"எதுக்கு?"

"திறங்க."

திறந்தார். போட்டாள்.

"நல்ல சேதி கொண்டுவந்த வாய். சும்மா அனுப்பலாமா?"

வாய் நிறையச் சர்க்கரையோடு திருமேனி குழறினார். "நல்ல சேதியா? அந்தம்மா என் முகத்துக்கு நேரா, பயமே இல்லாம, சிரிச்சுக்கிட்டே..."

அவ்வளவுதான் சொன்னார்.

சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. அவர் கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன. பிறகு தோள் குலுங்கியது. லாரியில் இருந்த போலீஸ்காரர்கள் பதறிப்போய் இறங்கி ஓடிவந்து பார்த்தார்கள். முதல்வர் புழுதியில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். பக்கத்தில் துறவியம்மாளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயா, கிளம்பலாமா?" என்று தயங்கிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கிளம்பணும், கிளம்பணும். சீக்கிரம்!" என்று எழுந்தார் திருமேனி.

"அண்ணா, அந்த ஓலைப்பெட்டி..." என்றாள் வடிவம்மை.

பெட்டி கைமாறியது. லாரி கழிமுனைக்குப் புறப்பட்டது.

கரையில் வலை பாதி வந்திருந்தது. இரண்டு வரிசையாக ஊரே கயிற்றைப் பிடித்திருந்தது. ஏலேலோ என்று ஒரு குரல் எடுத்துக்கொடுக்க, மற்றக் குரல்கள் வாங்கிக்கொண்டன. தலைக்குமேல் பறவைகள் கத்தின.

லாரியைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கயிறு தளர்ந்தது. சூசையம்மா மட்டும் வரிசையை விட்டு வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ஐயா, எங்களைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

காலையில் தம்பி என்றவள் அவள். அந்த 'ஐயா' திருமேனிக்கு நெஞ்சில் போய்த் தைத்தது.

"இல்லக்கா. கேக்க வந்தேன்."

"என்னத்த?"

"வலை கனமா இருக்கும் போலிருக்கே. இழுக்க ஆள் போதுமா?"

சூசையம்மா அவரைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"சாயங்காலம் பதவி ஏக்கணும்ல?"

"நீங்கெல்லாம் வந்தப்புறம் ஏத்துக்கறேன். வலை கரையேறட்டும்."

திருமேனி புது வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். கை பழையதை மறக்கவில்லை. போலீஸ்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் வரிசையாக நின்றார்கள்.

சூசையம்மா வெற்றிலையைத் துப்பினாள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறானுங்க? பூட்ஸைக் கழட்டச் சொல்லு!"