பகலில் பாடாத ஸ்டீரியோ

ரைஸ்மில் அம்பலவாணனுக்குக் கோபம் வந்தால் பஜாரே ஒதுங்கி நிற்கும். அன்றைக்கு அந்தக் கோபம் காரிலேயே வந்து, செங்கமலம் தனியாளாக நடத்தும் கார் ஸ்டீரியோ கடை முன்னால் இறங்கியது.

"போன வாரம் நீ வித்தது டூப்ளிகேட். ராத்திரியில பாடுது, பகல்ல ஊமையா கெடக்குது. ஒழுங்கா என்னன்னு சொல்லு, இல்லைன்னா கடை போர்டைக் கழட்டு."

டீக்கடையில் நின்ற டிரைவர்கள் கிளாசும் கையுமாக வந்துவிட்டார்கள். செங்கமலம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"பொம்பளை கை என் வண்டியில படக்கூடாதுன்னுதான் நானே மாட்டுனேன். தொடாம சொல்லு."

செங்கமலம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "சரிங்க, தொடலீங்க. நீங்களே சாவியைத் திருப்புங்க."

காரில் ஏறித் திருப்பினார். ஸ்டீரியோ வாயைத் திறக்கவில்லை.

"இப்ப ஹெட்லைட்டைப் போடுங்க."

"உச்சி வெயில்ல எதுக்கு லைட்டு?" என்று முனகிக்கொண்டே போட்டார். நாதஸ்வரம் தெருமுனை வரை கேட்டது. அணைத்தார், நின்றது. போட்டார், மறுபடி பிடித்துக்கொண்டது.

"ஸ்டீரியோ ஒயரை லைட்டு ஒயரோட சேர்த்து முறுக்கியிருக்குதுங்க. லைட்டு எரிஞ்சாத்தான் பாட்டு வரும். நான் வித்த சாமான் ஒரிஜினல்தான். மாட்டுனது யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

டிரைவர்கள் டீயைத் துப்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

அம்பலவாணன் சாவியை நீட்டினார். "சரி, நீயே பாரு."

செங்கமலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் இறங்கி, கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"வாங்கம்மா."

அப்புறம்தான் அவள் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி தொட்டாள்.