வால் வண்டி

மாலையில் ஓர் உலகச் சங்கத்துக்குத் தலைவியாகப் போகிறவள், மத்தியானம் ஆழியாறு அணைப் பக்கத்து ஓட்டலில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆழியாறு மீன் வறுவல், அப்படி ஆற விடுகிற சரக்கா அது!

அவள் பெயர் அமுதவல்லி. கரூர்க்காரி, வயது ஐம்பதைத் தாண்டியவள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தூத்துக்குடி ஜெசிந்தா, அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அமுதவல்லிக்கு அவள் டீச்சர். டீச்சருக்கு இவள் அக்கா. ஏழுகடல் பெண் பைக்கர் சங்கத்தின் தலைவி பதவியிலிருந்து ஜெசிந்தா அன்று இறங்குகிறாள். வால்பாறையில் நடக்கப்போகும் கூட்டத்தில் அமுதவல்லி ஏறுகிறாள். பல நாட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். காலையில் திண்டுக்கல்லிலிருந்து அத்தனை வண்டிகளையும் முன்னால் போய் நடத்தி வந்தது அமுதவல்லிதான்.

"மலேசியாக்காரங்க சங்கத்தை விட்டுப் போறாங்களாம், டீச்சர். கூட்டத்துல சொல்லப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"தனபாக்கியம்மாவே சொல்லிட்டாங்க. ஏனுங்கம்மான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா, நம்மால முடியலன்னு சிரிக்கிறாங்க."

தனபாக்கியம் ஈப்போவிலிருந்து வந்தவர். மலேசியக் கிளையை ஆரம்பித்தவரே அவர்தான். இப்போது வயதாகிவிட்டது, முழங்கால் வேறு பாடாய்ப் படுத்துகிறது. அதனால் வரிசையில் எப்போதும் கடைசியாகத்தான் வருவார்.

"நான் என்ன கொறை வெச்சேன்? டீக்கு நிறுத்துன எடத்துல எல்லாம், அவங்க வந்து சேர்ற வரைக்கும் வண்டியை எடுக்கலியே. ஒருத்தரையும் விட்டுட்டுப் போகலியே." அமுதவல்லி தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் பதவிக்கு வர்ற அன்னிக்கே ஒரு நாடு போயிருச்சுன்னா நான் என்னங்க தலைவி? சொல்லுங்க டீச்சர், இன்னும் என்ன செய்யணும்?"

ஜெசிந்தா மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினாள்.

"மலை ஏறும்போது நான் முன்னால போறேன். நீங்க வாலுக்குப் போங்க."

வால் என்றால் வரிசையின் கடைசி வண்டி. ரொம்ப மெதுவாக வருகிறவருக்கும் பின்னால் போக வேண்டும், யாருக்காவது டயர் பஞ்சரானால் கூடவே நிற்க வேண்டும். அமுதவல்லிக்கு முகம் தொங்கிப்போயிற்று. பதவியேற்கிற நாளில், அத்தனை நாட்டுக்காரிகளும் பார்க்க, வாலாம் வால்! ஆனால் டீச்சரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. முன்னால் ஒருத்தி லேசாக பிரேக் பிடித்தால் கடைசியில் வண்டி நின்றே விடுகிறது. விட்ட தூரத்தைப் பிடிக்க ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டியிருக்கிறது. ஜெசிந்தா என்னவோ நிதானமாகத்தான் போனாள், வாலுக்கு அது ஓட்டமும் நடையுமாக இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தனபாக்கியம் வலிக்கிற காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

அணை தெரிகிற ஒரு வளைவில் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். கடைசி இரண்டு வண்டிகளும் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் போட்டோ எடுத்து முடித்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு! கிளம்பலாம்!" என்று ஜெசிந்தா கையைத் தூக்கினாள்.

அடுத்து அட்டகட்டி. டீக்கடை வாசலில் காலி டம்ளர்கள் அடுக்கியிருந்தன. கென்யாக்காரி ஒருத்தி வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அமுதவல்லி அவசரமாகக் கையுறையை இழுத்தாள்.

"கழட்டாதம்மா," என்றார் தனபாக்கியம். வண்டியை விட்டு அவர் இறங்கவே இல்லை. "திரும்ப மாட்டுறதுக்குள்ள கிளம்பிருவாங்க."

"நீங்க கழட்டலீங்களாம்மா?"

"காலையிலேர்ந்து சோத்துக்கு மட்டுந்தான் கழட்டுனேன்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். முன்னால் வண்டிகள் உறும ஆரம்பித்தன.

அட்டகட்டியைத் தாண்டியதும் அமுதவல்லிக்குக் காலையில் டீக்கு நிறுத்திய ஒட்டன்சத்திரம் நினைவுக்கு வந்தது. பழனி வந்தது, உடுமலை வந்தது. அங்கெல்லாம் தனபாக்கியம் வந்து சேர்ந்ததுமே தான் கையைத் தூக்கியது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கி, ரோடு சரியாகத் தெரியவில்லை.

கவர்க்கல் டீக்கடை வாசலில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வால் வண்டிகள் வந்ததைப் பார்த்ததும் ஜெசிந்தா வண்டியை ஸ்டார்ட் செய்தாள். அமுதவல்லி தன் வண்டியைப் போட்டுவிட்டு, வரிசை நெடுக விறுவிறுவென்று நடந்து முன்னால் வந்தாள். டீச்சரின் வண்டிச் சாவியைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சாவியைக் குடுங்கக்கா. பனி இறங்குது. இப்ப விட்டா இன்னிக்கு வால்பாறை போய்ச் சேர முடியாது."

"சேர வேண்டாமுங்க."

"கூட்டம் நடக்காது. விடிஞ்சா பாதிப் பேருக்கு ஃபிளைட். உங்க பதவியேற்பு அடுத்த வருஷத்துக்குப் போயிரும். அப்ப யாரை எடுப்பாங்களோ, தெரியாது."

"போனாப் போகுதுங்க!" அமுதவல்லி சாவியை இறுக்கிப் பிடித்தாள். "அந்தம்மா இறங்கி உக்காந்து ஒரு டீ குடிக்கட்டும். காலு கொஞ்சம் ஆறட்டும். அவங்க எந்திரிச்சப்புறம் பாத்துக்கலாம்."

என்ன தகராறு என்று புரியாமல் ஜெர்மன்காரி பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. முன்னாலிருந்து பின்னால்வரை வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் தனபாக்கியம் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஜெசிந்தா ஹெல்மெட்டை எடுத்தாள். சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அண்ணே, ரெண்டு டீ போடுங்க. எங்க தலைவி இப்பத்தான் வந்து சேந்தாங்க."