ஒரு ரிவால்வருக்கு மூன்று குற்றவாளிகள்

பரிசுக்கு மூன்று பேர் போட்டி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழிக்குப் போட்டி போட்ட மூவரின் கதை இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை ஞானசிகாமணி பழைய ரிவால்வர்கள் சேகரிப்பவர். எல்லாம் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்தவை. அவற்றின் அருமையை அவருக்குப் புரியவைத்தது திருச்சி வைத்திலிங்கத்தின் எழுத்து. சேகரிப்பாளர்களுக்கென்று வரும் சிற்றிதழில் பல வருடங்களாக எழுதிவந்தவர் அவர். எழுதியதைத் திருத்த வேண்டிய நிலை ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. "இரும்பில் படிந்த கருமைதான் அதன் வயது, தேய்த்தால் போச்சு" என்று அவர் எழுதியதெல்லாம் ஞானசிகாமணிக்கு மனப்பாடம்.

ஒருநாள் தன்னிடமிருந்த மிகப் பழைய ரிவால்வரின் புகைப்படங்களை ஞானசிகாமணி அவருக்கு அனுப்பினார். வைத்திலிங்கத்துக்கு ஆவல் தாங்கவில்லை. நேரில் பார்க்காமலேயே, உடையவர் பெயரையும் போடாமல், "யார் கையும் தேய்க்காத அபூர்வம்" என்று எழுதிவிட்டார். படித்தவர்கள் அப்படியே நம்பினார்கள். இதழ் வந்த கையோடு, அதைக் கண்ணால் பார்க்க அவரே கிளம்பி வந்தார்.

பெரிய மனுஷர் வருகிறாரே என்று ஞானசிகாமணியின் மனைவி லில்லி புஷ்பம் வீட்டையே கழுவித் துடைத்திருந்தாள். அதோடு விட்டாளா? அரிவாள்மணையைத் தேய்ப்பதுபோல் ரிவால்வரையும் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துவைத்தாள். விருந்தாளி முன்னால் பெட்டியைத் திறந்தபோது அது பளபளவென்று மின்னியது. ஞானசிகாமணி மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் தேய்ச்சேன் ஐயா. தப்பு என்னுது" என்றார்.

வைத்திலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. தன் எழுத்தை வரிவிடாமல் படித்தவரா இப்படிச் செய்தார்?

அதைப் பார்க்கப் பொறுக்காமல் லில்லி முன்னால் வந்தாள். "அவுக பொய் சொல்லுதாக அண்ணாச்சி. நான்தான் தேச்சேன். தப்பு என்னுதுதான்."

வைத்திலிங்கம் இலை முன்னால் உட்கார்ந்தார். சாப்பிட்டார், ஊர் திரும்பினார். அடுத்த இதழில் மூன்றே வரி எழுதினார்: "அந்த ரிவால்வரைப் பார்க்காமல் எழுதினேன். இப்போது பார்த்தேன், அது தேய்க்கப்பட்டிருக்கிறது. தவறு என்னுடையது."

ஞானசிகாமணி படித்துவிட்டு வாய்விட்டு அழுதார்.

தவறு தன்னுடையது என்று மூவருமே சொன்னார்கள். இதில் யார் சொன்னது சரி?

விடை: லில்லி சொன்னது உண்மை. ஆனால் அது அந்த அறையைத் தாண்டவில்லை. நம்பிப் படித்தவர்கள் ஏமாந்தபடியே இருந்தார்கள். ஞானசிகாமணியின் பொய் மனைவியைக் காப்பாற்றப் பார்த்து, எழுதியவரின் நெஞ்சில் குத்தியது. வைத்திலிங்கம் செய்ததுதான் சரி. பார்க்காமல் எழுதியது அவர்தானே? உண்மை போக வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த வீட்டின் பெயர் வெளியே வரவில்லை. கறைபடாத தன் பெயரைத்தான் அதற்கு விலையாக அவர் கொடுத்தார். என்றாலும், ஞானசிகாமணியின் பொய்யை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை.