நம்பர்தான் கார்

பெருந்துறை ரோட்டில் நாச்சிமுத்து சகோதரர்களின் டிங்கரிங் பட்டறை எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். சொல்லிவிட்டு, "வண்டியை விடவா போறீங்க?" என்று பரிதாபமாக ஒரு பார்வையும் பார்ப்பார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, நடுவில் சென்னியப்பன், கடைசி பொங்கியண்ணன். கைவேலையில் குறை சொல்ல முடியாது. நசுங்கின கதவை நிமிர்த்தினால் நசுங்கின இடமே தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்பது ஒன்றுதான் பிரச்சினை.

ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் காரை விட்டுவிட்டு, "நான் வர்ற வரைக்கும் ஆரனை அடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பழனிக்குப் போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது மூன்று பேரும் முறை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். என் ஸ்கூட்டரை நான் இன்றுவரை அங்கே விடாததற்கு வேறு காரணம் கிடையாது.

இந்தக் கதை தெரியாத ஒரே ஆள் மஞ்சள் மண்டி வேலாயுதசாமி. அவர் தன் அப்பா வாங்கிய பச்சைக் காரை அங்கே கொண்டுபோய் விட்டார். அவருக்கு இரண்டு பெண்கள். மூன்றாவது பிள்ளை இந்தக் கார்தான் என்று அவர் மனைவியே சொல்வார், கொஞ்சம் எரிச்சலோடு. பிள்ளைக்கு உடம்பெல்லாம் துரு. அடுத்த புதன்கிழமை வட்டாரப் போக்குவரத்து அதிகாரி பட்டறைக்கே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம். போடாவிட்டால் பதிவு ரத்து, கார் நேராகப் பழைய இரும்புக் கடைக்கு.

வேலாயுதசாமி பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகரத்தைக் காட்டினார். அதில்தான் சேசிஸ் நம்பர் குத்தியிருந்தது.

"தகரம் பூராத்தையும் மாத்தீருங்க. ஆனா இந்த நம்பரை மட்டும் உசுராப் பாத்துக்கோணும். ஆபீசருக்கு நம்பர்தான் காரு. நம்பர் இல்லீன்னா மிச்சமெல்லாம் வெறும் தகரம்" என்றார்.

மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அவர் போனதும் யோசனை ஆரம்பித்தது. "நம்பர் இருக்கறதும் தகரந்தானே அண்ணா? பூராத்தையும் மாத்தச் சொன்னாரே" என்றார் சென்னியப்பன்.

"மாத்தீரலாம். நம்பரை மட்டும் வெட்டி எடுத்து வெச்சுக்கலாம்" என்றார் நாச்சிமுத்து.

வெட்டினார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வந்தது. அதை இரும்பு மேசையின் நடுவில் வைத்தார்கள். பொங்கியண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படீன்னா இப்ப காரு இதுதானுங்களே?"

"இதேதான்."

"உருண்டு போயிருச்சுன்னா?"

நியாயமான கவலை. துண்டுக்கு முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல் வைத்தார்கள். ஆறு ஆள் பிடித்து விரிக்கும் தார்ப்பாயைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தினார்கள். தினமும் காலையில் தார்ப்பாயை விலக்கி, துண்டைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்தார்கள். வெறும் தகரம் வெயிலிலும் மழையிலும் வெளியே நின்றது. அதையும் எட்டு நாளில் புதுத் தகரம் போட்டு, பச்சைப் பெயின்ட் அடித்து முடித்தார்கள்.

புதன்கிழமை காலை வேலாயுதசாமி வந்தார். பளபளவென்று நின்ற காரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவே எழுந்து வந்ததுபோல் இருந்தது. மெதுவாகப் பானெட்டைத் திறந்தார்.

"நம்பர் எங்கீங்க?"

மூன்று பேரும் பெருமையோடு தார்ப்பாயைத் தூக்கினார்கள். துண்டு பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவிகளா! ஆபீசர் வர்ற நேரம்! அது இருந்த இடத்துலயே வெச்சு வெல்டிங் அடிங்க!" என்று கத்தினார் அவர். அவசரத்தில் ஆர்.சி. புத்தகத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதை எடுக்க மண்டித் தெருவுக்கு ஓடினார்.

"இருந்த இடம்னா எது?" என்றார் நாச்சிமுத்து.

"எட்டு நாளா மேசை மேலதானுங்க இருந்துச்சு" என்றார் பொங்கியண்ணன்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இருந்த தகரத்தைத்தான் மாத்தியாச்சே. அந்த எடமே இப்ப இல்லீங்களே அண்ணா."

மிச்சம் இருந்த இடம் மேசைதான். மேசையோடு சேர்த்து வெல்டிங் அடித்தார்கள். வேலை அத்தனை சுத்தம்.

அதிகாரி வந்தார். படிவத்தைவிட்டுத் தலை நிமிராத மனிதர். "நம்பரைக் காட்டுங்க" என்றார். காட்டினார்கள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். தன் கோப்போடு ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து சரி.

"எத்தனை பேர் உக்காரலாம்?"

"நெருக்கி உக்காந்தா நாலு பேருங்க."

"ஆட்டம் ஏதாவது?"

"ஒரு காலுக்கு மட்டும் அட்டை குடுத்திருக்குதுங்க."

"சரி. வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

சொன்னால் செய்யாமல் இருப்பார்களா? மூன்று பேரும் மேசையைத் தூக்கிக்கொண்டு மண்டித் தெருவைப் பார்த்துக் கிளம்பினார்கள்.

வேலாயுதசாமி குறுக்குச் சந்து வழியாக மூச்சிரைக்கப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். "கையெழுத்து ஆயிருச்சு, வண்டியும் வீட்டுக்குப் போயிருச்சு" என்றார் டீயை முடித்து வந்த அதிகாரி.

"இதா நிக்குதுங்களே!"

அதிகாரி அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். பச்சைக் காரைச் சுற்றி வந்தார், பானெட்டுக்குள் குனிந்தார். "இதுல நம்பரே இல்லையே! இதை ரோட்டுல எடுத்தா கேஸ் எழுதிருவேன். உங்க வண்டி, அதோ, போகுது பாருங்க."

வேலாயுதசாமி பார்த்தார். பஸ் ஸ்டாப் தாண்டி ஒரு மேசை போய்க்கொண்டிருந்தது. "நிறுத்துங்கடா!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சத்தம் கேட்டு அவர்கள் மேசையை இறக்கினார்கள். வியர்த்து விறுவிறுத்து நின்றவரைப் பார்க்க நாச்சிமுத்துவுக்கு மனசே கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் மேசையை ஒரு துடை துடைத்தார்.

"ஏனுங்கய்யா, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கின சொந்தக் காரு இருக்கறப்ப இப்படி நடையா நடக்கறீங்க? ஏறி உக்காருங்க, போலாம்."