அலுமினியக் கரண்டியும் நிக்கல் பல்லக்கும்

கொடுக்கூர் ராஜா திரிலோக கேசரிக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "இரண்டில் எது ஒசத்தி?" என்று கேட்டுவிடுவார். இட்லியா தோசையா, யானையா குதிரையா, மூத்த ராணியா இளைய ராணியா. கடைசிக் கேள்வியை மட்டும் ஒரே தடவைதான் கேட்டார்.

அந்த வருஷம் அரண்மனைக்குப் புதுசாக இரண்டு உலோகங்கள் வந்தன. திவான் அனந்தகோடி ஒரு அலுமினியக் கலவையோடு வந்தார். "பிரபு, இதை இரண்டு விரலால் தூக்கலாம். துருவும் பிடிக்காது. இனி நாட்டில் எல்லாமே இதில்தான் இருக்க வேண்டும்."

ராணியின் தம்பி தளவாய் வன்னியமுத்து சும்மா இருப்பாரா? ஒரு நிக்கல் கலவையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். "அத்தான், அது கையால் அழுத்தினாலே நசுங்கும். இதைப் பழுக்கக் காய்ச்சுங்கள், வளையாது. எல்லாமே இதில்தான் இருக்க வேண்டும்."

இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவினவர்கள் இல்லை. அதனால் என்ன, அபிப்பிராயம் சொல்ல அதெல்லாம் தேவையா?

ராஜாவுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. மடைப்பள்ளித் தலைவி கோமளவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார். முப்பது அடுப்பைக் கட்டி மேய்க்கிறவள். அவள் வாயைச் சேர்த்தால் முப்பத்தொன்று.

"கோமளம், அலுமினியமா நிக்கலா? எது ஒசத்தி?"

"எதுக்கு மகாராஜா?"

"எதுக்கு என்றால்?"

"எந்த வேலைக்கு என்று கேட்டேன்."

"எல்லா வேலைக்கும்! நீ சொல்லும் உலோகத்தைத் தவிர வேறு ஒரு ஆணிகூட அரண்மனையில் இருக்காது. பட்டாபிஷேக நாள் முடிவதற்குள் பதில் வேண்டும். ஒரே பெயர்தான். 'அதுக்கு அது, இதுக்கு இது' என்று உன் வாயால் சொன்னாயோ, சாவிக்கொத்தை வைத்துவிட்டு வீட்டைக் காலி பண்ணு."

அது அரண்மனை கொடுத்த வீடு. அதில் அவளுடைய மூன்று பெண்களும், படுக்கையில் கிடக்கிற மாமனாரும் இருந்தார்கள். கோமளவல்லி இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"சரி மகாராஜா. பரீட்சை வைத்துப் பார்க்க அனுமதி கொடுங்கள்."

கொடுக்கூரில் ஒரு வழக்கம். வருஷா வருஷம் பட்டாபிஷேக நாளில் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் விடுமுறை; அவர்கள் வேலையைப் பெரிய மனிதர்கள் பார்க்க வேண்டும். தளவாயும் மூன்று தளபதிகளும் பல்லக்குத் தூக்க வேண்டும். திவான் அடுப்பில் நின்று அல்வா கிண்ட வேண்டும். வழக்கமாகப் பல்லக்கு மூங்கில். அடுப்பின் மேல் உருளியைத் தாங்க இரும்புக் கம்பி, கிண்டுவதற்கு மரத் துடுப்பு.

"இந்த வருஷம் அவரவர் வேலையை அவரவர் உலோகத்தில் செய்யட்டுமே," என்றாள் கோமளவல்லி. "திவானுக்கு அலுமினியக் கரண்டி, அலுமினிய அடுப்புக் கம்பி. தளவாய்க்கு நிக்கல் பல்லக்கு. சம்மதமா?"

"எனக்குப் பெருமை!" என்றார் திவான்.

"எனக்கு இரட்டைப் பெருமை!" என்றார் தளவாய்.

நாள் வந்தது. முற்றத்தின் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பல்லக்கு. ராஜா ஏறி உட்கார்ந்தார். தளவாய் "ம்ம்" என்றார். தளபதிகளும் "ம்ம்" என்றார்கள். பல்லக்கு ஒன்றும் சொல்லவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன மைத்துனா, புறப்படலாமே?"

"இதோ அத்தான்!"

நாலாவது 'ம்ம்'முக்கு ஒரு முழம் எழும்பியது. ஐந்தடி நகர்ந்தது. தொப்பென்று இறங்கியது. ராஜாவின் கிரீடம் மூக்குக்கு வந்தது.

"அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம் அத்தான்," தளவாய் தோளைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னார். ராஜாவின் கனத்தைப் பற்றி அவர் பேசவில்லை. வேலை போய்விடும்.

அதே நேரம் அந்தப் பக்கம் ஒரு அலறல். அலுமினியம் சூட்டை வாங்கி அப்படியே கைக்குக் கடத்தும் என்பது திவானுக்குத் தெரியாது. கரண்டியை இந்தக் கை, அந்தக் கை, கடைசியில் வேட்டி நுனி என்று மாற்றி மாற்றிப் பிடித்தார். கரி நன்றாகக் கனன்றது. உருளிக்குக் கீழே இருந்த கம்பி மெல்லக் குனிந்தது, அப்புறம் உருகி ஒழுகியது. உருளி சாய்ந்தது. அரை மூட்டை கோதுமை அல்வா முற்றத்தில் ஊர்வலம் போனது. அன்றைக்கு ஒழுங்காக நடந்த ஊர்வலம் அது ஒன்றுதான்.

"யாராவது ஒரு நிக்கல் கம்பியைக் கொண்டுவாருங்கள்!" திவான் எகிறிக் குதித்தார். "கரண்டியும் நிக்கலில் வேண்டும்!"

"அத்தான், தயவுசெய்து பல்லக்கை அலுமினியத்தில் பண்ணுங்கள்!" தளவாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா கிரீடத்தை நிமிர்த்தினார். "கோமளம், பொழுது சாயப் போகிறது. உன் பதில் என்ன?"

"நான் வாயே திறக்கவில்லை மகாராஜா. அலுமினியத்துக்காரர் அடுப்பில் நின்று நிக்கல் என்கிறார். நிக்கல்காரர் பல்லக்கடியில் நின்று அலுமினியம் என்கிறார். ஆளுக்கு ஒரே பெயர்தான் சொன்னார்கள். 'அதுக்கு அது, இதுக்கு இது' என்று யாரும் சொல்லவில்லையே! நான் எதற்கு வீட்டைக் காலி பண்ண வேண்டும்?"

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பல்லக்கும் கூடவே குலுங்கியது. தளபதிகள் பயந்து விலகினார்கள்.

"உன் சாவி உன்னிடமே இருக்கட்டும். அந்த வீடும் இனி உனக்கே சொந்தம். இன்னும் என்ன பரிசு வேண்டும், கேள்!"

கோமளவல்லி, வேட்டியெல்லாம் அல்வாவாக நின்ற திவானையும் எழுந்திருக்க முடியாத தளவாயையும் பார்த்தாள்.

"பட்டாபிஷேகத்தை மாசத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. இவர்களுக்கு மெதுவாகத்தான் புரிகிறது."