எங்க வீட்டு ஓட்டு

இது மூன்று பெண்களின் கதை. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. பாதியிலேயே தீர்ப்புச் சொல்கிறவர் இப்போதே வேறு வேலை பார்க்கப் போகலாம்.

முத்துமேட்டுக் குப்பம் என்று ஒரு மீனவர் ஊர். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். தங்கவேல், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தடுப்புக் கட்டுவதாகச் சொன்னார். மீன் விற்கும் செல்வராணி, ஏலத் திடலில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதாகச் சொன்னார். இளைஞர்கள் எல்லாம் தங்கவேல் பக்கம், ஏனென்றால் படகை ஏற்றி வைக்கக் கரையில் இடமில்லாமல் தவிப்பது அவர்கள். இளம்பெண்கள் செல்வராணி பக்கம். விடியலில் திடலுக்குப் போனால், பதினொரு மணிவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நிற்பது அவர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. எந்த வேட்பாளர் நல்லவர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கேள்வி அது இல்லை.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு ஆண்கள் மட்டும் கோயிலில் கூடினார்கள். வீட்டுக்கு ஒருவர் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "எங்க வீட்டு ஓட்டெல்லாம் தங்கவேலுக்கு" என்று சத்தியம் செய்தார்கள். தவறினால் அந்த வீட்டுப் படகு ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது. வீட்டுப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

முதலாமவள் நித்யா. அவளுக்குச் செல்வராணியைத்தான் பிடிக்கும். ஆனாலும் அண்ணன் வாக்கு பொய்யாகிவிடக் கூடாதென்று தங்கவேலுக்குப் போட்டாள். இரண்டாமவள் வாசுகி, தன் அண்ணனிடம் "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டுப் போய், செல்வராணிக்குக் குத்தினாள். இன்றுவரை அண்ணனுக்குத் தெரியாது.

மூன்றாமவள் ரஞ்சனி. சத்தியம் செய்துவிட்டு அண்ணன் பாலன் வீட்டுக்கு வந்ததுமே சொல்லிவிட்டாள்.

"உன் ஓட்டுக்கு நீ சத்தியம் பண்ணுண்ணே. என் ஓட்ட என்கிட்ட கேட்டியா? நான் செல்வராணி அக்காவுக்குத்தான் போடுவேன். இன்னும் நாள் இருக்கு, போய்ச் சொல்லிடு."

பாலன் போகவில்லை. கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று பயம்.

செல்வராணி பதினோரு ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் காலை ஆண்கள் மறுபடி கோயிலில் கூடி, "எங்க வீட்டு ஓட்டு மாறல" என்று ஒவ்வொருவரும் சூடம் அணைக்க வேண்டும் என்றார்கள். நித்யாவின் அண்ணன் அணைத்தான். வாசுகியின் அண்ணனும் நிம்மதியாக அணைத்தான். பாலன் கையை நீட்டினான், பிறகு எடுத்துக்கொண்டான்.

"என் ஓட்டு மாறல. தங்கச்சி ஓட்டு மாறிடுச்சு. அவ முன்னாடியே சொன்னா, நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"வீட்ல ஒரு பொண்ண நிறுத்த முடியல, இவன் கடல்ல படகு ஓட்றானாம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நல்ல மீன் படுகிற மாதம் அது. படகு கரையில் கிடந்தது. விற்க மீனில்லாமல் ரஞ்சனி கருவாடு காயப்போடும் கூலி வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள்தான் பாலன் அவளிடம் பேசினான்.

"சொல்லாமப் போட்டிருந்தா படகு கடல்ல இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும். தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள் அவள்.

இப்போது சொல்லுங்கள். மூன்று பெண்களில் யார் செய்தது சரி?

விடை: ரஞ்சனி. படகை நிறுத்தியது அவள் இல்லை. அவள் முன்கூட்டியே சொல்லியும் பாலன்தான் வாயைத் திறக்கவில்லை. நித்யா நல்லவள்தான், ஆனால் அவள் போட்டது அண்ணனின் இரண்டாவது ஓட்டு. வாசுகி தன் ஓட்டைக் காப்பாற்றினாள். அதை யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை என்பதும் சரி. ஆனால் அடுத்த தேர்தலிலும் அவள் அண்ணன் அவளைக் கேட்காமலேயே சூடம் அணைப்பான். பாலன் அணைக்க மாட்டான்.