மேகம் வெளுத்த கதை

நடுக்கடலில் ஒரு பாறை இருந்தது. அதன் இடுக்கில் ஒரு செடி. செடிக்கு நேர் மேலே, தாழ்வாக ஒரு மேகம் தங்கியிருந்தது. மேகம் அவ்வப்போது தூறும், செடி குடித்துக்கொள்ளும். வேறு தண்ணீர் அதற்குக் கிடையாது.

தூறலைக் கீழே கொண்டுவருவது உப்புத்துகளின் வேலை. அலையிலிருந்து எகிறி மேகத்துக்குள் போகும். ஈரத்தைத் தன்மேல் சேர்த்துச் சேர்த்துத் துளியாகப் பருக்கும். கனம் தாங்காமல் செடியின் மேல் விழும்.

ஒரு கோடையில் தூரத்துக் கரையில் காடு எரிந்தது. யாரோ இடத்துக்கு ஆசைப்பட்டு வைத்த தீ. புகை கடலுக்கு மேலாக வந்து மேகத்தின் முன்னால் நின்றது. மேகம் உள்ளே விட்டது. புகையிலிருந்த கரித்துகள்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்து, ஆளுக்குக் கொஞ்சம் ஈரத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டன.

அதன் பிறகு உப்புத்துகளால் பருக்க முடியவில்லை. எல்லாம் பொடிப்பொடித் துளிகளாக மிதந்தன. விழுகிற கனம் எதற்கும் இல்லை.

மேகம் மட்டும் வெளுத்தது. அத்தனை பொடித் துளிகளும் வெயிலைத் திருப்பி அடித்ததில் பாலாகப் பளபளத்தது. மேலே போன விமானத்தின் ஜன்னல்களில் செல்போன்கள் முளைத்தன.

"பாத்தியா? சாம்பல் நிறத்துல இருந்தப்ப என்னை ஒருத்தராவது போட்டோ எடுத்தாங்களா?" என்றது மேகம்.

"கீழே பாருங்கம்மா. செடி வாடுது" என்றது உப்புத்துகள்.

"வாடுதா? நிமிந்து என்னையேதானே பாத்துக்கிட்டிருக்கு. அதுக்கும் பிடிச்சிருக்கு போல."

உப்புத்துகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் மிதந்த கரித்துகளின் பக்கம் திரும்பியது.

"வந்த இடத்துல தண்ணியைப் பூரா பங்கு போட்டு, இழுத்துப் போத்திக்கிட்டு மிதக்குறீங்க. உங்க ஊர்ல இதுதான் பழக்கமா?"

"எங்க ஊர்ல தண்ணியே இல்லக்கா. காய்ஞ்சு கிடந்தோம். தீ வச்சுட்டாங்க."

"அப்ப தண்ணியோட அருமை தெரியும்ல? கீழ ஒரு உசுரு போகுது."

கரித்துகள் அப்போதுதான் கீழே எட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு நகர்ந்து வந்து உப்புத்துகளோடு ஒட்டிக்கொண்டது. தன் கூட்டத்தையும் கூப்பிட்டது. சில வந்தன. பல, போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டன. வந்தவற்றைக் கொண்டு ஒரு துளி தேறியது.

அது விழுந்தது.

"எங்க போறீங்க? என்மேல ஓட்டை விழுது பாருங்க" என்று கத்தியது மேகம்.

துளி செடியின் கடைசி இலையில் சொட்டியது.

"இவ்வளவு பெரிய மேகம், கொட்டப் போகுதுன்னு நம்பிக்கிட்டிருந்தேன்" என்றது செடி. "ஒரு சொட்டுதானா? அதுலயும் கரிவாடை. யார் நீ?"

"உன்னை மாதிரி ஒரு செடி" என்றது கரித்துகள்.

"உனக்கு என்ன ஆச்சு?"

"நானும் இப்படித்தான் நிமிந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

உப்புத்துகள் அண்ணாந்து பார்த்தது. மேலே இன்னொரு விமானம். மேகம் ஓட்டையை இழுத்து மூடிக்கொண்டு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தது.